பேச்சு வராதவர் கிரிமினல் வக்கீல் ஆக முடியுமா?

கேள்வி: சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். அப்பா தறி நெய்கிறார். குடும்பத்தில் வக்கீல் யாரும் கிடையாது. கிரிமினல் கோர்ட்டில் வழக்கு நடத்த ஆசை. ஆனால் நாலு பேர் முன்னால் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ‘கம்பெனி வேலைக்குப் போ’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஆரணி

பதில்: பேச்சைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். சினிமா கோர்ட் வேறு. பெரிய குற்ற வழக்குகள் நடக்கும் செஷன்ஸ் கோர்ட்டில் குறுக்கு விசாரணை நிறுத்தி நிதானமாகத்தான் நடக்கும். சாட்சி சொல்லச் சொல்ல அது பதிவாக வேண்டுமே!

அங்கே ஜெயிப்பவர் கேஸ் கட்டை வரி விடாமல் படித்தவர். ‘குத்தியதைக் கண்ணால் பார்த்தேன்’ என்று கூண்டில் ஒருவர் சொல்கிறார். போலீஸ் விசாரணையில் அவர் அதைச் சொல்லவே இல்லை என்று வையுங்கள். அந்த வாக்குமூலத்தைச் சுட்டிக்காட்டி அவரிடம் கேட்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 145வது பிரிவு. 2024 ஜூலை முதல் தேதியில் இருந்து புதுச் சட்டத்தின் 148. ‘அப்போதும் சொன்னேன்’ என்று அவர் சாதித்தால், புலனாய்வு அதிகாரி சாட்சி சொல்ல வரும் நாளில் ‘உங்களிடம் அவர் இதைச் சொன்னாரா’ என்று அதிகாரியிடமும் மறக்காமல் கேட்க வேண்டும். அதை விட்டால் முதலில் கேட்டது வீண். இதற்கு நாவன்மை எதற்கு? முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதிய குறிப்பு போதும்.

வக்கீல் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆபீசும் வழக்கு கொண்டுவரும் கட்சிக்காரர்களும் தயாராக இருக்கும், உண்மைதான். சாட்சியை விசாரிக்கும்போது அதெல்லாம் உதவாது.

உங்களுக்கு நிஜமான சிக்கல் பணம்தான். வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணம் பெரிதில்லை: 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வரும் வருஷங்கள்தான் கஷ்டம். பதிவு செய்துவிட்டால் வேறு முழுநேரச் சம்பள வேலை பார்க்க வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி இடம் தராது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. ஆனால் பஸ் செலவுக்கு மட்டும் கொடுக்கிற சீனியர்களும் இருக்கிறார்கள். சேரும் முன்பே வாய்விட்டுக் கேளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

சீனியரைத் தேடும்போது பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள். ஜாமீன் மனுவோடு நிறுத்திக்கொள்பவரிடம் பத்து வருஷம் இருந்தாலும் வழக்கு நடத்தக் கற்க முடியாது. கல்லூரி லீவு நாட்களில் திருவண்ணாமலை கோர்ட்டுக்குப் போய்ப் பின்னால் உட்காருங்கள். பெரும்பாலான விசாரணைகளை யாரும் பார்க்கலாம். சாட்சி விசாரணையை யார் தயாரித்துக்கொண்டு வந்து செய்கிறார் என்பது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். வாய்தா வாங்குவது, நகல் மனு போடுவது என்று எடுபிடி வேலை முதலில் இருக்கத்தான் செய்யும்.

இன்னொரு வழி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. வசதியில்லாத குற்றம்சாட்டப்பட்டவர்களுக்கு வழக்கு நடத்தும் அலுவலகங்களுக்கு மாதச் சம்பளத்தில் வக்கீல்களை எடுக்கிறார்கள். அதில் உதவி நிலைப் பணி புதியவர்களுக்கானது. பதிவு முடிந்ததும் அந்த அறிவிப்பைக் கவனித்து விண்ணப்பியுங்கள்.