பதில்: ஏழு தெய்வங்கள் இருந்தும் கதையில் பக்தியே இல்லை

ஏழு தெய்வங்களையும் தூக்கிவிட்டாலும் உங்கள் நாவல் அப்படியே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போட்ட சுருக்கத்தை வாசித்தேன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். யாருக்கு என்ன ஆயுதம், என்ன வாகனம் என்று வடிவாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்தத் தெய்வத்துக்குப் பயந்து ஒருத்தர்கூட ஒரு வேலையைத் தள்ளிப்போடவில்லையே.

நான் மட்டக்களப்பு. இங்கே பல கண்ணகி அம்மன் கோயில்கள் வருடம் முழுக்கப் பூட்டியே கிடக்கும், வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறப்பார்கள், மதுரையை எரித்த அம்மாளின் கோபத்தை ஆற்றக் கடைசியில் குளிர்த்தி பாடுவார்கள். கோயில் வேலைகளில் எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) எந்த உரிமை என்பதும் பரம்பரையாக வருவது, அதற்காக வழக்குக்குப் போகிறவர்களும் உண்டு (உங்களுக்கு ஒரு கிளைக்கதை ரெடி). மழை இல்லை, நோய் பரவுகிறது என்றால் முன்பு கொம்புமுறி நடத்துவார்கள்: ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரண்டு மரக்கொம்புகளைக் கொளுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுக்கும். ஒரே வீட்டுக்குள் புருசன் ஒரு சேரி, பெண்சாதி மற்றச் சேரி என்று வைத்துப் பாருங்கள்!

அப்புறம், ஏழு கூடிப்போச்சு. இரண்டு போதும். மூன்றாம் அத்தியாயத்தில் வரும் அந்த மழைத்தெய்வத்தை நேரில் காட்டாதீர்கள், கோயில் கதவைப் பூட்டிவிட்டு, திறப்பு (சாவி) யாருடைய கையில் என்பதில் சண்டையைத் தொடங்குங்கள். எழுதினால் இங்கேயே போடுங்கள், வாசிக்கிறேன்.