கால்நடை அடையாளச் சட்டம் வந்தால், ஒரே ஒரு குதிரை வைத்திருப்பவருக்கு என்ன மாறும்?

கேள்வி கேட்டவர் சவாரிக்காக ஒரே ஒரு குதிரை வைத்திருக்கிறார். கால்நடைகளுக்கெல்லாம் அடையாள எண்ணும் இடமாற்றப் பதிவும் கட்டாயமானால் தன்னைப் போன்றவர்களுக்கு என்ன ஆகும், ஒவ்வொரு சவாரியையும் எழுதிக் கொடுக்க வேண்டுமா, சிப்பை வைத்து வேவு பார்ப்பார்களா என்று கேட்டிருக்கிறார். நான் பதினாறு வருடமாகக் குதிரை வளர்க்கிறேன். நான் இருக்கும் இடத்தில் குதிரைக்குத் தோலுக்கடியில் போடும் மைக்ரோசிப், அதன் விவரங்களை எழுதிய அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட் இரண்டும் கட்டாயம். இதில் நல்லதும் பார்த்திருக்கிறேன், அலைந்தும் இருக்கிறேன்.

முதலில் அந்த வேவு பயத்தை விட்டுவிடுங்கள். சிப் என்பது கிட்டத்தட்ட ஒரு அரிசி மணி அளவுதான். அதில் பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. ஸ்கேனரைக் கழுத்தை ஒட்டிக் கொண்டுபோனால் மட்டும் ஒரு 15 இலக்க எண்ணைச் சொல்லும். ஸ்கேனரை எடுத்துவிட்டால் அது வெறும் கண்ணாடித் துண்டு. குதிரை எந்த மேட்டில் மேய்கிறது, எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

என் பெண்குதிரை செவலையை நான் வாங்குவதற்கு முன்பே, விற்றவர் அதற்குச் சிப் போட்ட அன்று நான்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கழுத்தின் இடப்பக்கம், பிடரிமயிருக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் முடியைக் கத்தரித்து, மருந்து தடவிவிட்டு டாக்டர் ஊசியை எடுத்தார். தடித்த ஊசி, பார்க்க எனக்குத்தான் மனம் பதறியது. செவலை ஒருமுறை காதைப் பின்னுக்கு மடக்கியது, பிறகு வைக்கோலைத் தேட ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன்பே, பழைய சிப் ஏதாவது இருக்கிறதா என்று கழுத்தின் இரண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணிப் பார்த்திருந்தார். அந்தப் பழக்கம் உள்ள டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள். ஒரே குதிரைக்கு இரண்டு சிப் விழுந்துவிட்டால் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க மாதக்கணக்கில் ஆகும்.

அப்புறம் ஒரு படிவத்தை எடுத்தார். அதில் குதிரையின் வெற்று உருவம் இடப்பக்கம், வலப்பக்கம், முகம், கால்கள் என்று தனித்தனியாக அச்சாகியிருக்கும். வெள்ளைக் குறிகளைச் சிவப்பு மையால் வரைந்தார். சுழி இருக்கும் இடத்திலெல்லாம் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டார். நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலா, நேரா, கீழா என்று குனிந்து பார்த்துப் பார்த்துக் குறித்தார். சுழி கைரேகை மாதிரி, வயதானாலும் இடம் மாறாது. நிறம் அப்படி இல்லை. குட்டியில் கறுப்பாகப் பிறந்து பத்து வயதில் வெளுத்து நிற்கும் குதிரைகள் உண்டு. சிப் ஒருநாள் வேலை செய்யாமல் போனாலும் இந்தப் படம் பேசும்.

ஆக, குதிரைக்கு ஓர் எண் கொடுப்பது பெரிய பாரம் இல்லை. ஒருநாள் வேலை, ஒருமுறைச் செலவு. பாரம் எங்கே வருகிறது என்றால், இடமாற்றத்தைப் பதிவு செய் என்று சொல்லும்போதுதான்.

இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் மாட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இறைச்சி மாடு வாழ்நாளில் சில தடவைதான் இடம் மாறும்: பிறந்த பண்ணை, கொழுக்க வைக்கும் பண்ணை, கடைசியில் அறுப்புக்கூடம். போன இடத்திலிருந்து திரும்பி வருவது அபூர்வம். குதிரை அப்படியா? காலையில் போய்ச் சாயங்காலம் வரும். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி, அடுத்த வாரம் போட்டி, நடுவில் இனச்சேர்க்கைக்கு இரண்டு வாரம் வேறொரு லாயம், கால் வலித்தால் மருத்துவமனை. மாட்டுக்கு எழுதிய படிவத்தைக் குதிரைக்கும் நீட்டினால், ஒற்றைக் குதிரைக்காரர் ஒரு பெரிய மாட்டுப் பண்ணையைவிட அதிகப் பக்கங்களை நிரப்ப வேண்டி வரும்.

அமெரிக்காவில் இது அப்படியே நடந்தது. 2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பசுவுக்குப் பைத்தியப் பசு நோய் இருப்பது தெரிந்தது. அடுத்த வருடமே வேளாண் துறை தேசிய விலங்கு அடையாளத் திட்டத்தைக் கொண்டுவந்தது. விலங்கு நிற்கும் இடத்துக்கு ஓர் எண், விலங்குக்கு ஓர் எண், அதன் போக்குவரத்துக்குப் பதிவு என்று மூன்று படி. நோய் கண்டால் 48 மணி நேரத்துக்குள் அந்த விலங்கு எங்கெல்லாம் போனது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் இலக்கு. குதிரையும் அந்தப் பட்டியலில் இருந்தது. கூட்டமாகவே வளர்ந்து கூட்டமாகவே போகும் கோழிக்கும் பன்றிக்கும் மொத்தமாக ஒரே குழு எண் போதும் என்று விட்டிருந்தார்கள். வீட்டுக் கொட்டிலில் நிற்கும் ஒற்றைக் குதிரைக்குத் தனி எண் வேண்டும். குதிரைக்காரர்களும் சிறு விவசாயிகளும் கொதித்தது நியாயம்தான் என்று நினைக்கிறேன். மத்திய அரசு அதை விருப்பத் திட்டம் என்றே வைத்திருந்தது. ஆனால் விஸ்கான்சின் மாநிலம் 2006-ல் இடப் பதிவைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்பு ஓயவே இல்லை. 2010 பிப்ரவரியில் வேளாண் அமைச்சர் டாம் வில்சாக் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

அதற்குப் பதிலாக 2013-ல் வந்த விதியைப் படித்தால், குதிரை தெரிந்த யாரோ உட்கார்ந்து எழுதியது என்று புரியும். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும்போதுதான் அடையாளமும் மருத்துவச் சான்றும் தேவை. சிப் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. நிறம், குறி, சுழி, தழும்பு, சூட்டுக்குறி எல்லாம் சேர்ந்து இதுதான் அந்தக் குதிரை என்று சொல்லும்படி எழுதிய விவரமோ, தெளிவான புகைப்படமோ போதும். குதிரையில் ஏறிப் போய், அல்லது வண்டியில் பூட்டிப் போய், நேராகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் அந்த அடையாளமும் கேட்பதில்லை. அந்த ஒரு வரியை வாங்கக் கிட்டத்தட்டப் பத்து வருடம் ஆனது.

சரி, அப்படியானால் அடையாளமே வேண்டாமா என்றால், நிச்சயம் வேண்டும். குதிரைத் தொற்று ரத்தசோகை என்று ஒரு நோய். கடிக்கிற பெரிய ஈக்களும், ஒரு குதிரைக்குப் போட்டு இன்னொன்றுக்கும் போடும் ஊசிகளும் பரப்பும். தொற்றிய குதிரை பார்க்க நன்றாகவே இருக்கலாம், ஆனால் வாழ்நாள் முழுக்க அதை ரத்தத்தில் சுமக்கும். மருந்து கிடையாது. கோகின்ஸ் என்ற ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அந்தச் சான்றில் இருக்கும் குதிரையும் உங்கள் கையில் இருக்கும் குதிரையும் ஒன்றுதான் என்று காட்ட முடியாவிட்டால், சான்று வெறும் காகிதம்.

2011-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்ற ஊரில் ஒரு போட்டி நடந்தது. வந்த குதிரைகளுக்கிடையே நரம்பைத் தாக்கும் ஹெர்பஸ் வைரஸ் பரவியது. அறிகுறி தெரிவதற்குள் குதிரைகள் பல மாநிலங்களுக்கு வீடு திரும்பிவிட்டன. 10 மாநிலங்களில் 90 குதிரைகளுக்கு நோய் உறுதியானது. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே மாதிரியான போட்டிகளுக்கு நானும் போயிருக்கிறேன், பக்கத்துத் தடுப்பில் நின்ற குதிரை யாருடையது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போட்டி நடத்துபவரிடம் வந்த குதிரைகளின் சரியான பட்டியல் இருந்தால் அன்று சாயங்காலமே எல்லோருக்கும் போன் போட்டுவிடலாம். ஆஸ்திரேலியாவில் 2007 ஆகஸ்டில் குதிரைக் காய்ச்சல் (குதிரைகளுக்கு வரும் இன்ஃப்ளூயன்ஸா) நுழைந்தபோது குதிரைகள் இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவே போட்டார்கள். பந்தயக் குதிரைகளுக்குப் பதிவேடு உண்டு. வீட்டுத் தோட்டத்தில் குழந்தைகளுக்காக நிற்கும் மட்டக்குதிரைக்கு அப்படி ஒன்றும் இல்லை. வைரஸ் இரண்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. இடத்துக்கு எண் கேட்பதன் அர்த்தம் இதுதான். அதனால் இடப் பதிவை நான் எதிர்ப்பதில்லை. உங்கள் முகவரியை யார் யார் பார்க்கலாம் என்று மட்டும் சட்டத்தில் தெளிவாக இருக்க வேண்டும். விலையுயர்ந்த குதிரை நிற்கும் வீடு எது என்று ஊருக்கெல்லாம் தெரிவது நல்லதில்லை.

பாஸ்போர்ட் விஷயத்தில் புதியவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று, மருந்துப் பக்கம். ஐரோப்பியச் சட்டத்தில் குதிரை என்பது உணவுக்காகவும் போகக்கூடிய விலங்கு. குதிரைக்காரர்கள் ப்யூட் என்று சொல்லும் ஃபினைல்பியூட்டசோன் வலிமருந்தைக் கொடுத்தால், அந்தக் குதிரை உணவுக்குப் போகவே கூடாது என்று பாஸ்போர்ட்டில் நிரந்தரமாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாங்களும் அதே முறையில்தான் இருக்கிறோம். ஒரு ராத்திரி செவலைக்குக் குளம்பு வீக்கம் வந்து, முன்னங்காலை ஊன்ற முடியாமல் பின்னால் சாய்ந்து நின்றது. வந்த டாக்டர் முதலில் பாஸ்போர்ட்டைக் கேட்டார். அது வீட்டில் அலமாரியில் இருந்தது, லாயத்திலிருந்து நாற்பது நிமிடத் தூரம். பாஸ்போர்ட் பார்க்காமல் அந்த மருந்தைத் தர முடியாது என்று சொல்லி, அதுவரைக்கும் வேறு மருந்து போட்டுச் சமாளித்தார். அவர் மேல் தப்பில்லை, விதி அப்படி. அன்றிலிருந்து பாஸ்போர்ட் லாயத்தில்தான், உறை போட்டு, தண்ணீர் படாத பெட்டியில்.

இவ்வளவும் இருந்தும், பதிவேடு சரியில்லை என்றால் எல்லாம் வீண். பிரிட்டனில் ஒரு காலத்தில் பாஸ்போர்ட் கொடுக்க 70-க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்த தேசியத் தரவுத்தளத்தை 2012-ல் மூடிவிட்டார்கள். 2013 ஜனவரியில், மாட்டிறைச்சி என்று விற்ற பர்கரில் குதிரை மரபணு இருப்பதை அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்டது. ஐரோப்பா முழுக்கப் பெரிய விவகாரம் ஆனது. பிறகுதான் மறுபடி மையப் பதிவேடு வந்தது. இங்கிலாந்தில் 2020 அக்டோபருக்குள் வயதான குதிரைகளுக்கும் சிப் போட்டாக வேண்டும் என்றார்கள்.

இதையே சின்ன அளவில் நானும் பட்டேன். செவலையை வாங்கியபோது உரிமை மாற்றப் படிவத்தைத் தானே அனுப்பிவிடுவதாக விற்றவர் சொன்னார், நானும் நம்பிவிட்டேன். அவர் அனுப்பவே இல்லை. எட்டு மாதம் கழித்து ஒரு புயல் ராத்திரியில் வேலி விழுந்து செவலை ரோட்டுக்குப் போய்விட்டது. யாரோ நல்ல மனிதர்கள் பிடித்துக் கட்டி, தகவல் கொடுத்து, சிப்பையும் படித்தாயிற்று. எண் சரியாக வந்தது. அந்த எண்ணுக்கு நேரே இருந்த பெயரும் போன் நம்பரும் பழையவை, நம்பர் உபயோகத்திலேயே இல்லை. இரண்டு நாள் கழித்து, நான் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து ஒருவர் சொல்லித்தான் கண்டுபிடித்தேன். அந்த இரண்டு நாளும் செவலை ஒரு தெரியாத தொழுவத்தில், தெரியாத மாடுகளுக்கு நடுவே நின்றிருந்தது. போனதும் என் தோளில் முகத்தை வைத்து அழுத்தியது. இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. குதிரை வாங்கினால் படிவத்தை நீங்களே அனுப்புங்கள். போன் நம்பர் மாறினால் அன்றே மாற்றுங்கள்.

உங்கள் குதிரை வாடகை லாயத்தில் நிற்கிறது என்றால் இன்னொன்றையும் கேட்டு வையுங்கள். இடப் பதிவு லாயக்காரர் பெயரிலா, குதிரைப் பதிவு உங்கள் பெயரிலா, வரவு போக்கை எழுதும் நோட்டு யார் பொறுப்பு? வாய்ப்பேச்சாக விட்டுவிட்டால், அபராதம் வரும் நாளில் இரண்டு பேருமே மற்றவர் எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தது தெரியவரும். நட்பு கெடுவதற்கு அதைவிட வேறு காரணம் தேவையில்லை.

உங்கள் ஊரில் சட்டம் இன்னும் வரைவாகத்தான் இருக்கிறது என்றால், கையில் கிடைத்ததும் சிப் பற்றிய பக்கத்தைத் தாண்டிப் போய் 'இடமாற்றம்' என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். போய் அன்றே திரும்பும் சவாரி அதில் அடங்குகிறதா, இரவு தங்கினால்தான் கணக்கா, வேறு குதிரைகளோடு கலக்கும் போட்டிக்கு மட்டுமா என்று அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கருத்துக் கேட்கும் காலம் முடிவதற்குள் எழுதுங்கள், உங்கள் லாயத்தில் இருக்கும் மற்றவர்களையும் எழுத வையுங்கள். குதிரைகள் கலக்கும் இடத்தில் பதிவு வேண்டும், தனியாகப் போய்த் திரும்பும் சவாரிக்கு வேண்டாம் என்று கேளுங்கள். உங்கள் குதிரை ஒரு மாதத்தில் எத்தனை தடவை வெளியே போய் வருகிறது என்ற கணக்கையும் தேதியோடு சேர்த்து எழுதுங்கள்.