திருநர்கள் தங்களைப் பற்றிய உளவியல் ஆய்வுகளை ஏன் இவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்?

உங்கள் கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது: "பிடிக்காத முடிவு வந்தால் ஆய்வே தவறு என்பது அறிவியலுக்கு எதிரான மனநிலை இல்லையா?" அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் ஒரு திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று பதிவான ஆண். உளவியலில் முதுகலை படித்தவன். அதற்கு முன்பே, இருபத்திரண்டு வயதில், ஒரு மனநல மருத்துவரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து வினாத்தாளில் பொய் எழுதியவன்.

பொய் சிறியதுதான். சின்ன வயதில் எந்த விளையாட்டுப் பொருள்கள் பிடிக்கும் என்று ஒரு கேள்வி. எனக்குப் பொம்மைகள் என்றால் உயிர். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தேன். காய்ச்சல் வந்தால் போர்த்திவிடுவேன். நான் எழுதியதோ, "பந்து, கார்." எனக்கு முன்பு அதே அறைக்குள் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்த ஓர் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்: "பொம்மையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. இன்னும் ஆறு மாதம் இழுத்தடிப்பார்கள்." ஹார்மோன் சிகிச்சை தொடங்க அந்த மருத்துவரின் கையெழுத்து வேண்டும். எனக்கு இன்னும் ஆறு மாதம் தாங்கும் தெம்பு இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த வினாத்தாள்கள் பிற்பாடு ஆய்வுக்கும் பயன்படும் என்று ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி இருந்தது. ஏதோ ஓர் அட்டவணையில் 'சிறுவயது முதலே ஆண்பிள்ளை விளையாட்டுகளில் நாட்டம்' என்ற கட்டத்துக்குள் நானும் ஓர் எண்ணாக இருக்கலாம். என் விமர்சனம் முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கேள்வி கேட்கிறவரின் இடுப்பிலேயே கதவின் சாவியும் தொங்கினால், கிடைக்கிற பதில் எதைப் பற்றியது? பதில் சொல்கிறவரைப் பற்றியதா, கதவைப் பற்றியதா?

இது என் ஒருவனுடைய கதை இல்லை. 1958இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்ட பத்தொன்பது வயதுப் பெண் ஒருவர் வந்தார். ஆய்வுகளில் அவருடைய பெயர் ஆக்னஸ், அது புனைபெயர். பருவ வயதில் மார்பகம் தானாகவே வளர்ந்தது என்று சொன்னார். மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்டோலர் அவரை அரிதான இடைப்பாலின உடலமைப்பு, அதாவது ஆண், பெண் இரண்டின் கூறுகளும் கலந்த உடலமைப்புக் கொண்டவர் என்று நம்பினார். அடுத்த ஆண்டே அறுவை சிகிச்சையும் நடந்தது. சமூகவியலாளர் ஹெரால்ட் கார்ஃபிங்கல் ஆக்னஸோடு பல மணி நேரம் உரையாடி, பின்னாளில் புகழ்பெற்ற ஒரு கட்டுரையை எழுதினார். 1966இல்தான் ஆக்னஸ் உண்மையைச் சொன்னார்: பன்னிரண்டு வயதிலிருந்தே அம்மாவுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரைகளை எடுத்து விழுங்கிவந்திருக்கிறார். இதைப் பலர் 'ஏமாற்றிய நோயாளி' கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இடைப்பாலினத்தவர் என்றால் சிகிச்சை, திருநங்கை என்றால் மறுப்பு என்று இருந்த காலம் அது. ஒரு சிறுமி, தனியாக, யாருடைய துணையும் இல்லாமல் அந்தக் கதவின் பூட்டைப் படித்துப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

அதே 1966இல் ஹாரி பெஞ்சமின் என்ற மருத்துவர் திருநர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்க கிளினிக்குகள் அந்த நூலை வைத்துத்தான் ஆட்களைத் தேர்ந்தெடுத்தன. வருகிறவர்கள் எல்லோரும் அந்த விவரிப்போடு அச்சுப் பிசகாமல் பொருந்துவதைக் கண்டு மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். வருகிறவர்களும் அதே நூலைப் படித்துவிட்டு வருகிறார்கள் என்பது அவர்களுக்குப் புரிய ஆண்டுகள் பிடித்தன. திருநங்கையான சாண்டி ஸ்டோன் 1991இல் வெளியான தன் கட்டுரையில் இதை அம்பலப்படுத்தினார். ஒரு கோட்பாடு மக்களிடம் போய், மக்கள் அதை மனப்பாடம் செய்து திருப்பி ஒப்பிக்க, அந்த ஒப்பித்தலே கோட்பாட்டுக்குச் சான்றாகிவிட்டது.

ஒப்பிக்க மறுத்தவர்களுக்கு என்ன நடந்தது? லூ சல்லிவன் ஒரு திருநம்பி, ஆண்களை நேசித்தவர். அதை மறைக்காமல் சொன்னார். ஸ்டான்ஃபோர்டு கிளினிக் அவரை ஏற்கவில்லை. ஆண்களை விரும்பும் திருநம்பி என்ற ஆளே அவர்களுடைய வகைப்பாட்டில் இல்லை. அவரைப் போன்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர்களை எண்ணிப் பார்த்து, 'திருநம்பிகள் எல்லோரும் பெண்களையே விரும்புகிறார்கள்' என்று முடிவெடுப்பதை நான் அறிவியல் என்று சொல்லமாட்டேன். சல்லிவன் வேறு வழிகளில் சிகிச்சை பெற்றார். 1991இல் இறக்கும்வரை ஆண்களை நேசிக்கும் திருநம்பிகளுக்காக எழுதினார், போராடினார்.

அளவுகோல் பற்றியும் சொல்ல வேண்டும். 1979இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் மேயரும் டோனா ரீட்டரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சையால் சமூக வாழ்வில் புறவயமான பயன் எதுவும் இல்லை என்பது முடிவு. அந்த ஆண்டே அங்கிருந்த கிளினிக் மூடப்பட்டது. திருநர்களுக்கான மையம் அங்கே மறுபடி திறக்க 2017 ஆனது. அந்தப் 'புறவயமான பயன்' எப்படி அளக்கப்பட்டது தெரியுமா? போலீஸ் கைது செய்திருந்தால் மதிப்பெண் குறையும். மனநல மருத்துவரைப் பார்த்திருந்தால் குறையும். தகுந்த பாலினத்தவரோடு சேர்ந்து வாழ்ந்தால் ஏறும். ஒரு திருநங்கை இன்னொரு பெண்ணோடு வாழ்ந்தால் இறங்கும். திருநர்கள் தெருவில் நடந்தாலே கைதாகக்கூடிய காலத்தில் கைதுகளை எண்ணிச் சிகிச்சையின் தோல்வி என்று கணக்கிட்டார்கள். சிகிச்சை பெற்றவர்களுக்கு அது மனநிறைவு தந்தது என்பதை அந்தக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. அந்த மனநிறைவுக்கு மதிப்பெண் கிடையாது.

உளவியலாளர் ரே பிளான்சார்டின் கோட்பாட்டுக்கு வருகிறேன்; நீங்கள் அதை 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தீர்கள். 1980களில் டொராண்டோவில் அவர் திருநங்கைகளை இரண்டாகப் பிரித்தார்: ஆண்களை விரும்புபவர்கள் ஒரு வகை, மற்றவர்கள் எல்லோரும் தம்மையே பெண்ணாகக் கற்பனை செய்வதில் பாலியல் கிளர்ச்சி அடைபவர்கள். ஆண்களை விரும்பும் திருநங்கைகளுக்கு அவர் கொடுத்த பெயரைப் பாருங்கள்: 'ஓரினச்சேர்க்கையாளர்'. அந்தச் சொல்லுக்குள்ளேயே 'நீ ஆண்தான்' என்ற முடிவு உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் வகையில் வைக்கப்பட்டவர் "எனக்கு அப்படி எதுவும் இல்லை" என்று சொன்னால், மறைக்கிறார் என்று கொள்ளப்படுகிறது. ஆம் என்றால் சான்று, இல்லை என்றாலும் சான்று. இதைவிட அடிப்படையான குறை, திருநரல்லாத பெண்களிடம் இதே கேள்விகளை அவர் கேட்கவில்லை என்பது. 2009இல் சார்ல்ஸ் மோசர் கேட்டார். 29 பெண்கள். தளர்வான வரையறையில் 93 சதவீதத்தினர் அந்தக் கிளர்ச்சி உடையவர்களாக வந்தார்கள். கறாரான வரையறையில் 28 சதவீதத்தினர். மோசரின் கேள்விகள் அதே பொருளை அளக்கவில்லை என்று மறுதரப்பு வாதிடுகிறது, மாதிரியும் சின்னது. ஆனாலும் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ஒரு மக்கள் கூட்டத்தின் தனிக் குணம் என்று எதையும் எப்படிச் சொன்னார்கள் என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளை நிதானமாகப் படிக்க வேண்டும். "தங்களை வேறு பாலினமாக உணரும் குழந்தைகளில் எண்பது சதவீதத்தினர் வளர்ந்ததும் அந்த உணர்விலிருந்து மாறிவிடுகிறார்கள்" என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்களே, அதன் அடியில் இருக்கும் ஆய்வுகள் பழைய நோயறிதல் விதிகளைக் கொண்டவை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, 'நான் வேறு பாலினம்' என்று குழந்தை சொல்லியிருக்கவே தேவையில்லை. முதல் விதியில் உள்ள ஐந்து அறிகுறிகளில் வேறு நான்கு இருந்தாலே அந்த விதி நிறைவேறிவிடும். பொம்மையோடு விளையாடி, விளையாட்டில் அம்மா வேடம் ஏற்று, சேலை சுற்றிப் பார்த்து, பெண்பிள்ளைகளோடு மட்டும் பழகிய பையனுக்கும் 'பாலின அடையாளக் கோளாறு' என்ற பெயர் வைக்க வாய்ப்பிருந்தது. அவன் வளர்ந்து திருநங்கை ஆகவில்லை என்றால் 'மாறிவிட்டான்' என்று எண்ணப்படுவான். எதிலிருந்து மாறினான்? 2013இல் வெளியான விதிகள்தான் வேறு பாலினமாக இருக்கும் விருப்பத்தை, அல்லது தான் வேறு பாலினம் என்ற வற்புறுத்தலை, கட்டாய அறிகுறி ஆக்கின. அதே ஆண்டில் நெதர்லாந்தில் ஸ்டீன்ஸ்மா குழுவினர் 127 பேரைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், கிளினிக்குக்குத் திரும்பி வராதவர்களும், தொடர்புகொண்டபோது பதில் தராதவர்களும் 'மாறியவர்கள்' பக்கம் வைக்கப்பட்டார்கள். அந்நாட்டில் சிறுவர்களுக்கு அந்தச் சிகிச்சை தரும் இடம் தங்களுடையதுதான், வேண்டுமென்றால் வந்திருப்பார்கள் என்பது அவர்கள் தரப்பு விளக்கம். காரணம் முழுக்கத் தவறில்லை. ஆனால் வராதவர் ஏன் வரவில்லை என்பது தெரியாதபோது, தெரியாது என்ற பெட்டி ஒன்று இருந்திருக்க வேண்டும்.

2018இல் லிசா லிட்மன் எழுதிய 'திடீர்ப் பாலின மன உளைச்சல்' கட்டுரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதின்ம வயதில் இந்த உணர்வு திடீரென்று தோன்றுகிறது என்பது அதன் கருத்து. கேட்கப்பட்டவர்கள் 256 பெற்றோர்கள். அவர்களுக்கு அழைப்பு போனது, பிள்ளைகளின் மாற்றத்தால் கலங்கிய பெற்றோர்கள் கூடும் மூன்று இணையதளங்கள் வழியாக. ஒரு பிள்ளையிடம்கூடக் கேட்கவில்லை. இது பெற்றோரின் கூற்று மட்டுமே, ஒரு கருதுகோள் மட்டுமே என்று இதழ் 2019இல் திருத்தம் வெளியிட்டது. என் அம்மாவிடம் கேட்டிருந்தால் அவரும் "திடீரென்று" என்றுதான் சொல்லியிருப்பார். நான் அவரிடமிருந்து ஒன்பது ஆண்டுகள் மறைத்திருந்தேன்.

இனி, என் நண்பர்கள் சிலருக்குக் கசக்கும் பகுதி. நமக்குச் சாதகமான ஆய்வுகளிலும் இதே ஓட்டைகள் உண்டு. 1995இல் நேச்சர் இதழில் திருநங்கைகளின் மூளையில் ஒரு சிறு பகுதி பெண்களுடையதை ஒத்திருப்பதாக ஒரு கட்டுரை வந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் நீட்டியவன் நான்; "பார், பிறவியிலேயே இப்படித்தான்" என்று சொன்னேன். ஆறு மூளைகள். ஆறு பேரும் ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்கள். அந்தப் பகுதியில் ஆண் பெண் வேறுபாடு வளர்ந்த பிறகுதான் தெரியத் தொடங்குகிறது என்று 2002இல் அதே துறையினரே கண்டார்கள். 2019இல் ஸ்வீடன் தரவுகளைக் கொண்டு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு மனநலச் சிகிச்சையின் தேவை குறைகிறது என்று ஒரு கட்டுரை வந்தது, கொண்டாடினோம். சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட்டதும் அந்தப் பயன் தெரியவில்லை என்று 2020இல் ஆசிரியர்களே திருத்தம் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 2015இல் 27,715 பேர் கலந்துகொண்ட பெரிய கணக்கெடுப்பும், தாமாக முன்வந்து நிரப்பியவர்களைக் கொண்டதுதான். அதன் விழுக்காடுகளைத் திருநர் அனைவருக்கும் அப்படியே நீட்ட முடியாது. லிட்மனின் மாதிரியைக் குறை சொல்லிவிட்டு இதை விட்டுவிட்டால், நீங்கள் கேட்ட அந்த இரண்டாவது வரி என் விஷயத்தில் உண்மையாகிவிடும்.

சில நேரம் ஆய்வு சரியாக இருக்கும். அதை எடுத்து வீசுகிறவர்கள்தான் தவறு செய்வார்கள். 2011இல் செசிலியா தெய்னே குழுவினர் ஸ்வீடனில் பாலின மாற்றச் சிகிச்சை பெற்ற 324 பேரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். தற்கொலை விகிதம் பல மடங்கு அதிகம். இதைக் காட்டி "சிகிச்சைதான் கொல்கிறது" என்கிறார்கள். ஒப்பிட்டது பொதுமக்களோடு, சிகிச்சை கிடைக்காத திருநர்களோடு அல்ல. சிகிச்சை பயன் தருகிறதா என்று இந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறது. தெய்னேயும் பலமுறை சொல்லிவிட்டார்.

நல்ல ஆய்வு எப்படி இருக்கும் என்றும் நீங்கள் கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் நோய் வகைப்பாட்டைத் திருத்தியபோது மெக்சிகோவில் 250 திருநர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. மன உளைச்சலும் வாழ்க்கைச் சிரமங்களும் பாலின அடையாளத்திலிருந்தே வருகின்றனவா, அல்லது மற்றவர்களின் புறக்கணிப்பிலிருந்தும் வன்முறையிலிருந்தும் வருகின்றனவா என்று பிரித்துப் பார்த்தார்கள். பாலின அடையாளத்தைவிடப் புறக்கணிப்பும் வன்முறையுமே அவற்றை வலுவாக விளக்கின. முன்பு பலர் இந்தக் கேள்வியைப் பிரித்துக் கேட்கவில்லை. துயரம் என்றாலே அது எங்களுக்குள் இருந்து வருவது என்று எடுத்துக்கொண்டார்கள். 2019இல் ஏற்கப்பட்ட புதிய வகைப்பாட்டில் திருநராக இருப்பது மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆராய்ச்சி மாணவி என்னிடம் வினாத்தாள் கொண்டுவந்தார். முதல் பக்கத்திலேயே, என் பதில்களை எந்த மருத்துவரும் பார்க்கமாட்டார், அவற்றால் எந்தச் சிகிச்சையும் கிடைக்கவோ தடைபடவோ செய்யாது என்று எழுதியிருந்தது. வினாக்களைத் திருநர்கள் சிலரோடு சேர்ந்து தயாரித்ததாகச் சொன்னார். பாலினம் என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள் இல்லை. ஒரு வெற்றுக் கோடு இருந்தது. பதினோராம் கேள்வி, சின்ன வயது விளையாட்டுகள். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். பிறகு பொம்மைகள் என்று எழுதி, அவற்றின் பெயர்களையும் எழுதினேன். இடம் போதாமல் பக்கத்தின் ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது.