ராஜா கொடுத்த சீட்டும் கடற்கொள்ளையும்: கேள்வி பதில்

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கடலில் நடந்த கொள்ளைகள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே (மதுரை): பைரேட், பிரைவேட்டியர் இரண்டும் ஒன்றுதானே?

செய்யும் வேலை ஒன்றுதான், கையில் இருக்கும் காகிதம் வேறு. போர்க்காலத்தில் சொந்தக் கப்பல் வைத்திருப்பவருக்கு, எதிரி நாட்டுக் கப்பலைப் பிடிக்கலாம் என்று அரசு சீட்டு எழுதிக் கொடுக்கும். அது இருப்பவர் பிரைவேட்டியர், இல்லாதவர் பைரேட். பிடித்த கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடல் நீதிமன்றம் "இது முறையான பிடிப்பு" என்று தீர்ப்புச் சொன்ன பிறகே சரக்கை விற்கலாம். இங்கிலாந்தில் அட்மிரலுக்குப் பத்தில் ஒரு பங்கு போகும். மீதியை முதல் போட்டவர்களும் மாலுமிகளும் பிரித்துக்கொள்வார்கள். அரசுக்குச் செலவில்லாமல் ஒரு கடற்படை கிடைத்தது. சீட்டு இல்லாமல் பிடித்தாலோ, நட்பு நாட்டுக் கப்பலைத் தொட்டாலோ தூக்கு.

கே (திருச்சி): சமாதானம் ஆன பிறகு ஹென்றி மார்கன் பனாமாவைத் தாக்கினாராமே, அவரை ஏன் தூக்கில் போடவில்லை?

ஸ்பெயினும் இங்கிலாந்தும் மாட்ரிட்டில் ஒப்பந்தம் போட்டது 1670 ஜூலையில். பிரைவேட்டியரான மார்கன், ஸ்பெயின் வசமிருந்த பனாமாவில் நுழைந்தது 1671 ஜனவரியில். ஆங்கிலேயர் வசமிருந்த ஜமைக்காவின் கவர்னர் மொடிஃபோர்டு கொடுத்த சீட்டு அவரிடம் இருந்தது. ஸ்பெயின் கொதித்ததும் கவர்னரை லண்டன் கோபுரத்தில் அடைத்தார்கள். 1672-இல் மார்கனையும் கைது செய்து கப்பலேற்றினார்கள். அப்புறம் என்ன, ஸ்பெயினோடு உறவு கசந்ததும் 1674-இல் அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்து, ஜமைக்காவுக்கே துணை கவர்னராகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்! பழைய சகாக்களைப் பிடித்து விசாரிக்கும் வேலையும் அவருக்கே வந்தது.

கே (கோவை): காயம் பட்டவருக்கு நஷ்ட ஈடு கொடுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. கரீபியன் கூட்டத்தோடு வைத்தியராகப் போன ஒருவர் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். வலது கை போனால் 600 ஸ்பானிய வெள்ளி நாணயம், இடது கைக்கு 500, வலது காலுக்கு 500, இடது காலுக்கு 400, ஒரு கண்ணுக்கு 100. கொள்ளை கிடைத்தால்தான் இதெல்லாம். கிடைக்காவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. இதைக் காட்டி இவர்களைச் சமத்துவவாதிகள் என்று புகழ்பவர்கள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: வலது கைக்கு 600 நாணயம், "அல்லது ஆறு அடிமைகள்".

கே (சென்னை): ஔரங்கசீப்பின் கப்பலைக் கொள்ளையடித்தது யார்? விரிவாகச் சொல்லுங்கள்.

ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கடற்கொள்ளையர். 1694-இல் ஸ்பெயினின் கொருண்ணா துறைமுகத்தில் ஒரு கப்பல் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் நின்றது. அதன் மாலுமிகளைச் சேர்த்துக்கொண்டு கப்பலையே கடத்திப் போனவர் இவர். 'ஃபேன்ஸி' என்று பெயர் மாற்றி, செங்கடல் வாயிலில் காத்திருந்தார். ஹஜ் முடித்து ஏமனின் மோக்கா துறைமுகம் வழியாகச் சூரத் திரும்பும் கப்பல்களில் யாத்ரீகர்களோடு, சரக்கு விற்ற பணமும் தங்கமாகவும் வெள்ளியாகவும் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

1695 செப்டம்பரில் முதலில் சிக்கியது சூரத்தின் பெரும் வணிகர் அப்துல் கஃபூரின் 'ஃபதே முகமது'. அடுத்தது பாதுஷாவின் சொந்தக் கப்பலான 'கஞ்ச்-இ-சவாய்'. பலம் எல்லாம் அந்தக் கப்பல் பக்கம்தான்; 80 பீரங்கிகள் இருந்தன என்கிறார் முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான். ஆனால் ஒரு பீரங்கி வெடித்துச் சொந்த ஆட்களையே கொன்றது, எவரியின் குண்டு பட்டுப் பாய்மரமும் போனது. பிறகு நாட்கணக்கில் சித்திரவதையும் பெண்கள் மீது வன்கொடுமையும் நடந்தன. மானத்துக்கு அஞ்சிக் கடலில் குதித்த பெண்களும் உண்டு. எவரியைக் கடல் வீரனாகப் பாடிய லண்டன் பாட்டுகளில் இதெல்லாம் வராது. போன பணம் 52 லட்சம் ரூபாய் என்கிறார் காஃபி கான். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சொன்ன கணக்கு அதைவிடக் குறைவு.

சூரத்தில் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். அங்கிருந்த ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்களை, தலைவர் ஆன்னஸ்லி உட்பட, விலங்கு மாட்டி மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். யாத்ரீகர் கப்பல்களுக்குக் காவல் கப்பல் அனுப்பச் சம்மதித்த பிறகே கம்பெனியின் வியாபாரம் மீண்டது.

லண்டன் விசாரணை இன்னொரு கூத்து. 1696 அக்டோபரில் எவரியின் ஆட்களைக் கொள்ளைக் குற்றத்துக்காக நிறுத்தினார்கள், ஜூரி விடுவித்துவிட்டது. அரசு பதறிப்போய், கப்பலைத் திருடிய குற்றத்துக்காக அதே ஆட்களை மறுபடி நிறுத்தி ஐந்து பேரைத் தூக்கிலிட்டது. எவரி அயர்லாந்தில் இறங்கினார், அதோடு தடம் அறுந்துவிட்டது.

கே (யாழ்ப்பாணம்): கேப்டன் கிட் நிரபராதியா?

கொள்ளைக்கும் கொலைக்கும் 1701-இல் தூக்கிலிடப்பட்ட கப்பல் தலைவர் அவர். நிரபராதி என்று சொல்ல மாட்டேன். 1696-இல் அவர் கிளம்பியபோது கையில் இரண்டு சீட்டு: பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க ஒன்று, கொள்ளையரைப் பிடிக்க ஒன்று. முதல் போட்டவர்களில் இங்கிலாந்து அமைச்சர்களே இருந்தார்கள். 1698 ஜனவரியில் மலபார் கடலில் 'கெடா மெர்ச்சன்ட்' கப்பலைப் பிடித்தார். சரக்கு ஆர்மீனிய வணிகர்களுடையது, கேப்டன் ஆங்கிலேயர், ஆனால் பயணச் சீட்டு பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்தது. ஆகவே பிடித்தது முறைதான் என்பது கிட்டின் வாதம்.

அந்தப் பிரெஞ்சுப் பயணச் சீட்டுகளைக் கைது ஆனபோது ஒப்படைத்தார். 1701 விசாரணையில் அவை "கிடைக்கவில்லை". இரு நூற்றாண்டு கழித்து லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன! புரவலர்கள் தங்கள் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அவரைக் கைகழுவினார்கள் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அதற்கு முன்பே, 1697-இல், அவரும் மோக்கா கப்பல்களுக்காகச் செங்கடல் வாயிலில் பதுங்கியிருந்து, கம்பெனிக் கப்பல் ஒன்றால் விரட்டப்பட்டவர். பீரங்கிக்காரர் வில்லியம் மூரை இரும்பு வளையம் போட்ட வாளியால் மண்டையில் அடித்துக் கொன்ற வழக்கும் இருந்தது. தூக்கில் முதல் கயிறு அறுந்து, மறுபடி ஏற்றினார்கள்.

கே (சென்னை): நம்ம ஊருக்கு இதில் தொடர்பு ஏதாவது உண்டா?

உண்டு. 1696-இல் மதராஸ் கரையோரம் நங்கூரமிட்டிருந்த 'ஜோசையா' என்ற சிறு கப்பலை ராபர்ட் கலிஃபோர்டும் கூட்டாளிகளும் கடத்திக்கொண்டு நிகோபார் பக்கம் போனார்கள். இரண்டு வருடம் கழித்து மடகாஸ்கர் அருகே சாந்த் மாரி தீவில் கிட்டின் ஆட்களில் பெரும்பாலோர் அவரை விட்டு ஓடிச் சேர்ந்ததும் இந்தக் கலிஃபோர்டிடம்தான். கிட் தொங்கினார், கலிஃபோர்டு தப்பினார்.

கே (சேலம்): பலகையில் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுவது, புதையல் வரைபடம்?

பலகை பிற்காலக் கதைகளின் உபயம். இந்தக் காலத்து விசாரணை ஆவணங்களில் அது இல்லை. கிடைத்த பணத்தைக் குடியிலும் சூதிலும் கரைத்தவர்களே அதிகம், புதைக்க மிச்சம் ஏது? கிட் மட்டும் 1699-இல் நியூயார்க் பக்கத்துக் கார்டினர் தீவில் கொஞ்சம் புதைத்தார். வரைபடம் தேவைப்படவில்லை. தீவின் சொந்தக்காரருக்கே விஷயம் தெரியும். கவர்னர் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.