செஸ் கணினியில் எத்தனை நிலை என்று கேட்காதீர்கள்

கேள்வி: என் பேரனுக்கு 11 வயது. போனில் செஸ் ஆடக் கற்றுக்கொண்டான். இங்கே பர்மாவின் பெகுவில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது; இணையமும் அப்படித்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மருமகன், தீபாவளிக்கு வரும்போது தனியாக இயங்கும் செஸ் கணினி வாங்கி வருகிறேன் என்கிறார். ஒரு பெட்டியில் 64 நிலைகள், இன்னொன்றில் 100 நிலைகள் என்று போட்டிருக்கிறதாம். எதை வாங்கச் சொல்வது? எனக்குப் பர்மியச் சதுரங்கமான சிட்டுயின்தான் தெரியும். அதையும் இதில் ஆட முடியுமா?

பதில்: ஐயா, மருமகன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இது போன் இல்லாமல் ஆடுமா?" இப்போது கடைகளில் அழகான மின்னணுப் பலகைகள் நிறைய வந்திருக்கின்றன. டிஜிடி பெகாசஸ், செஸ்நட் ஏர் போன்றவை காய் எங்கே இருக்கிறது என்று உணரும், விளக்கு எரியும், எல்லாம் சரி. ஆனால் யோசிக்கிற மூளை அவற்றுக்குள் இல்லை. புளூடூத்தில் இணைத்த போனோ டேப்லெட்டோதான் யோசிக்க வேண்டும். போனிலிருந்து பேரனைப் பிரிக்க நினைக்கிற வீட்டுக்கு அது எதற்கு? டிஜிடி சென்டார், மில்லேனியம் நிறுவனத்தின் செஸ்ஜீனியஸ் வகை, பழைய சைடெக், மெஃபிஸ்டோ பெட்டிகள் எல்லாம் தாமே யோசித்து ஆடுபவை. இந்த வகையில்தான் தேட வேண்டும்.

அடுத்தது கரண்ட். சில பெட்டிகள் சாதாரண பேட்டரியில் ஓடும், சிலவற்றில் சார்ஜ் செய்யும் பேட்டரி உள்ளேயே இருக்கும், சில அடாப்டர் இல்லாமல் அசையவே அசையாது. மூன்றாவது வகை வேண்டாம். யு.எஸ்.பி. வழியே சார்ஜ் ஆகிற மாதிரி கிடைத்தால் பவர்பேங்க் ஒன்று போதும், இன்வெர்ட்டரைக் கூட நம்பி இருக்க வேண்டாம். பேட்டரி போடும் வகை என்றால், அடாப்டரில் ஆடும்போதும் பேட்டரியை உள்ளேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள். பல பழைய மாடல்களில் ஆட்டத்தை நினைவில் வைத்திருப்பது அந்த பேட்டரிதான். அது இல்லாமல் கரண்ட் போனால், பையன் ஜெயிக்கப் போகிற ஆட்டமும் சேர்ந்து போய்விடும். அப்புறம் அந்த வீட்டில் யார் இருப்பது? அதே சமயம், மாதக்கணக்கில் எடுத்து வைப்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். ஒழுகினால் உள்ளே இருக்கும் தகடு அரித்துவிடும், மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம்.

இப்போது அந்த நிலைகளுக்கு வருவோம். நிலை என்பது பெரும்பாலும் நேரம்தான். ஒரு நகர்த்தலுக்கு 5 விநாடி யோசித்தால் ஒரு நிலை, 10 விநாடி என்றால் இன்னொரு நிலை, 30 விநாடிக்கு வேறொன்று. 2 மணி நேரத்தில் 40 நகர்த்தல் என்ற போட்டிக் கணக்குக்கு ஒன்று, மின்னல் ஆட்டத்துக்குச் சில, இரண்டே நகர்த்தலில் மேட் கண்டுபிடிக்கும் புதிருக்குச் சில, நிறுத்தச் சொல்லும்வரை யோசித்துக்கொண்டே இருக்க ஒன்று. இப்படிக் கூட்டிக் கூட்டித்தான் 64 வருகிறது, 100 வருகிறது. நல்ல செஸ் நிரல் ஒரு விநாடி யோசித்தாலே ஆரம்ப ஆட்டக்காரரைத் தோற்கடித்துவிடும். ஆக உங்கள் பேரனுக்கு அந்த நேர நிலைகள் எல்லாம் ஒன்றுதான்: எல்லாவற்றிலும் தோற்பான்.

பலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். 1994-ல் லண்டனில் நடந்த விரைவு ஆட்டப் போட்டியில் உலக சாம்பியன் காஸ்பரோவையே தோற்கடித்தது ரிச்சர்ட் லாங் எழுதிய செஸ்ஜீனியஸ். அன்று அது பென்டியம் கணினியில் ஓடியது. இன்று அதே பெயரில் மேசையில் வைக்கும் பெட்டியாகவே கிடைக்கிறது. நாம் பார்க்க வேண்டியது, கணினிக்கு நன்றாகத் தோற்கத் தெரியுமா என்பதை. தொடக்க நிலைகளில் அது வேண்டுமென்றே தப்பு செய்யும். மட்டமான பெட்டி எப்படிச் செய்யும் தெரியுமா? பத்து நகர்த்தல் வித்வான் மாதிரி ஆடிவிட்டு, திடீரென்று ராணியைத் தூக்கிச் சிப்பாய்க்கு முன்னால் வைக்கும். பிள்ளைகள் இதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, ராணி எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவார்கள். நல்ல பெட்டி மனிதர் மாதிரி தப்பு செய்யும்: தூரத்தில் இருக்கும் குதிரையைக் கவனிக்காது, ஒரு சிப்பாயைக் கோட்டைவிடும். சென்டார் ஆட்டக்காரரின் தரத்தைக் கணித்துத் தன் பலத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். விலை கூடத்தான். ஆனால் வளர்கிற பையனுக்கு அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

பலகையிலும் வித்தியாசம் உண்டு. விலை குறைந்தவை அழுத்தும் வகை. குதிரையை எடுக்கும் முன் அது நிற்கும் கட்டத்தில் லேசாக அழுத்த வேண்டும், ஒரு "பீப்" கேட்கும். போய்ச் சேரும் கட்டத்தில் மறுபடி அழுத்த வேண்டும். கணினியின் முறை வந்தால் ஓரத்தில் எழுத்துக்கு ஒரு விளக்கு, எண்ணுக்கு ஒரு விளக்கு எரியும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தைப் பார்த்துக் காயை நாமே நகர்த்தி வைக்க வேண்டும். கோட்டை கட்டும்போது, அதாவது ராஜாவையும் மூலையில் நிற்கும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும்போது, முதலில் ராஜா, பிறகு யானை. மாற்றிச் செய்தால் கணினி அதை வெறும் யானை நகர்த்தலாக எடுத்துக்கொள்ளும். இன்னொரு வகை, காயை எடுத்து வைத்தாலே உணர்வது. அதில் அழுத்தும் வேலை இல்லை, ஆட்டம் ஆட்டமாக இருக்கும். ஆனால் பல பலகைகளுக்குக் கட்டத்தில் ஏதோ ஒரு காய் இருக்கிறது என்று மட்டுமே தெரியும். எந்தக் காய் என்று தெரியாது. பூனை தாவிக் கலைத்துவிட்டால் நாம்தான் நினைவுபடுத்தி அடுக்க வேண்டும்.

நகர்த்தலைத் திரும்பப் பெறும் பொத்தானும், நமக்கு வேண்டியபடி காய்களை வைத்து ஆடும் வசதியும் கட்டாயம் இருக்க வேண்டும். ராஜாவும் ஒரு சிப்பாயும் எதிரே தனி ராஜா என்று வைத்துத் தினமும் பத்து நிமிடம் ஆடட்டும். முழு ஆட்டத்தில் வராத தெளிவு அதில் வரும்.

சிட்டுயின் ஆட முடியாது, ஐயா. வசதிக்கேற்பக் காய்களை அடுக்கினாலும் பயனில்லை. ராணிக்குப் பதிலாக வரும் உங்கள் சிட்-கே மூலைவாக்கில் ஒரு கட்டம்தான் போகும், சிட்டுயின் யானையோ செஸ் யானை மாதிரி இல்லாமல் நேர் முன்னால் ஒரு கட்டமோ மூலைவாக்கில் ஒரு கட்டமோ போகும். செஸ் கணினிக்கு அப்படி நகரும் காயே தெரியாது. அதற்கு நீங்களே பேரனுக்கு எதிரே உட்கார வேண்டியதுதான்.

மருமகன் பழைய பெட்டியாகப் பார்த்தால், அசல் அடாப்டரோடு சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். வோல்ட் ஒத்துப்போனாலும் முனையில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் உள்ளே எரிந்துவிடும். அழுத்தும் வகை என்றால், காய் வைக்கும் வசதிக்குப் போய் 64 கட்டத்தையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கட்டும். ஒரு கட்டம் பதில் சொல்லவில்லை என்றாலும் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.