நவீன ஓவியர்கள்: யாரிடமிருந்து எடுத்தார்கள், எதை விட்டார்கள்? – கேள்வி பதில்

கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நவீன ஓவியர்களின் பாணி எங்கிருந்து வந்தது என்று கேட்டு வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (அரூர், கல்லூரி மாணவி): வான்கோ ஜப்பானியப் படங்களைப் பார்த்து அப்படியே வரைந்தார் என்று படித்தேன். அது தாக்கமா, நகலா?

இரண்டும் உண்டு அம்மா, ஆனால் வெவ்வேறு ஆண்டுகளில். 1886இல் பாரிசுக்கு வந்த வான்கோ, தம்பி தியோவோடு சேர்ந்து ஜப்பானிய மர அச்சுப் படங்களை நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார். அவற்றுள் ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட இரண்டு படங்களை, அதாவது பூத்திருக்கும் பிளம் தோட்டத்தையும் திடீர் மழையில் மக்கள் விரைந்து கடக்கும் பாலத்தையும், 1887இல் தைல வண்ணத்தில் நகலெடுத்தார். பிளம் தோட்டப் படத்துக்காக அவர் கட்டம் போட்டு எடுத்த தாள் இன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகள் காந்தி படத்தின் மேல் அரை அங்குலக் கட்டம் போட்டுச் சார்ட் அட்டையில் பெரிதாக்குவார்களே, அதே வேலைதான். படத்தின் ஓரங்களில் வேறு அச்சுப் படங்களிலிருந்து ஜப்பானிய எழுத்துகளையும் பார்த்து எழுதி வைத்தார். அது நகல்.

தாக்கம் என்பதைப் பார்க்க வேண்டுமானால் 1888 நவம்பரில், ஆர்ல் நகரில் அவர் தீட்டிய 'விதைப்பவன்' படத்துக்கு வர வேண்டும். கைவீசி விதைக்கும் அந்த ஆள் பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ஓவியத்திலிருந்து வந்தவர். ஆனால் படத்தின் முன்பகுதியில் ஒரு மரம் குறுக்காகச் சாய்ந்து சட்டத்தையே வெட்டிக்கொண்டு போகிறது. ஹிரோஷிகேயின் பிளம் மரமேதான் அது. கிமோனோவும் இல்லை, ஜப்பானிய எழுத்தும் இல்லை. பிரெஞ்சு நாட்டு வயலில் ஒரு கட்டமைப்பு மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆகவே ஓர் ஓவியரின் மீது யாருடைய பாதிப்பு இருக்கிறது என்று கேட்கும்போது, அவர் எதை எடுத்தார் என்பதோடு எதை விட்டார் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

கேள்வி (பென்னாகரம், இல்லத்தரசி): என் மகள் காலண்டர் சரஸ்வதியையே திரும்பத் திரும்ப வரைகிறாள். நிறுத்தச் சொல்லலாமா?

வேண்டாம். அந்தக் காலண்டர் முகங்களுக்கு மூலவரான ரவிவர்மாவே பார்த்துக் கற்றவர்தான். 1868இல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் தைல வண்ண நுட்பத்தைக் கற்பிக்க மனமில்லாமல், தாம் தீட்டும்போது பார்த்துக்கொள்ள மட்டுமே அனுமதித்தார். ஒரே சரஸ்வதியை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறையும் கரிக்கோலால் ஒருமுறையும் வரையச் சொல்லுங்கள், போதும்.

கேள்வி (பாலக்கோடு, வங்கி ஊழியர்): கே.சி.எஸ். பணிக்கரின் படத்தில் ராசிக்கட்டம் போன்ற ஒன்றைப் பார்த்தேன். ஜாதகம் கணிக்கும் என் மாமாவிடம் காட்டியதற்கு, "இதில் ஒரு கணக்கும் நிற்கவில்லையே" என்றார். பணிக்கர் தெரியாமல் வரைந்தாரா?

உங்கள் மாமா சரியாகவே பார்த்திருக்கிறார் ஐயா. அந்தக் கட்டங்கள் கணிப்பதற்கானவை அல்ல. அந்த எழுத்துகளும் மலையாளம் போலத் தோன்றுமே தவிர, வாசிக்க முயன்றால் பிடி கொடுக்கா.

கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த பணிக்கர், சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றவர். மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த அதே ராய் சௌத்ரிதான். ஆசிரியரின் பிடிப்பு மேலைநாட்டு இயல்பு வடிவத்தில் இருந்தது. பணிக்கரோ முதலில் கேரள நீர்நிலைகளை நீர்வண்ணத்தில் தீட்டி, பிறகு வான்கோ, கோகன் ஆகியோரின் அடர்ந்த வண்ணங்களின் வழியே சிறிது காலம் நடந்து, 1957இல் அந்தப் பள்ளியின் முதல்வரும் ஆகிவிட்ட பின்னரும், இதெல்லாம் இரவல் மொழிதானே என்ற உறுத்தலிலிருந்து விடுபடவில்லை என்றே அவருடைய படங்களை வரிசையாகப் பார்க்கையில் எனக்குத் தோன்றுகிறது. 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை தொடங்குகிறது. ஓலைச்சுவடி, ஜாதகக் குறிப்பு, கணக்குக் குறியீடு என்று நம் வீட்டுப் பரண்களில் கிடந்தவற்றின் தோற்றத்தை எடுத்துக்கொண்டு, அவற்றின் பொருளை விட்டுவிட்டார். ஒரு சுவடியைக் கையில் வாங்கியதும், வாசிப்பதற்கு முன்பே அதன் நெருக்கமான வரிகள் கண்ணில் ஒரு கோலமாக விழுமல்லவா? அந்த ஒரு நொடியைத்தான் அவர் கித்தானில் நிறுத்தினார். தைல வண்ணத்தையும் நீர்வண்ணம் போல மெலிதாகவே பூசினார்.

1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அவர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. ஓவியம் விற்காத காலத்தில் அங்கிருந்தவர்கள் பாடிக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து பிழைத்தார்கள். அந்தக் கைவேலையும் அவர்கள் கோட்டில் படிந்தது. பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டை அடித்துச் செய்த உருவங்களைக் கண்டால், கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசம் உங்களுக்கே நினைவுக்கு வரும்.

கேள்வி (ஓசூர், பொறியாளர்): ஆப்பிரிக்க முகமூடிகளை எடுத்துப் பயன்படுத்திய பிக்காசோவுக்குப் புகழ், செய்தவனுக்குப் பெயர்கூட இல்லை. இது திருட்டு இல்லையா?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1907இல் தீட்டிய 'அவிஞ்ஞோன் நங்கையர்' படத்தின் வலப்பக்கத்து இரண்டு முகங்களை, பாரிசின் டிரோகடேரோ அருங்காட்சியகத்தில் அவர் பார்த்த முகமூடிகளோடு சேர்த்தே பேசுகிறோம். அந்த முகமூடிகள் காலனி ஆட்சியின் வழியாக அங்கே குவிந்தவை. செதுக்கியவரின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. ஆனால் குற்றத்தில் பெரும்பங்கு தூரிகைக்கு உரியதன்று, அருங்காட்சியகத்தின் பெயர்ச்சீட்டுக்கு உரியது என்பேன். பழைய ஐபீரியச் சிற்பமும், அதற்கு முந்தைய ஆண்டு மறைந்த பிரெஞ்சு ஓவியர் செசானின் குளிக்கும் பெண்களும் சேர்ந்தே அந்தப் படத்துக்குள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதன் மறுபக்கம் வங்க ஓவியர் ஜாமினி ராய். கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் மேலைநாட்டு முறையில் தேர்ந்தவர், அதை விட்டுவிட்டு, கல்கத்தாவின் காளி கோயில் அருகே விற்கப்பட்ட காளிகாட் படங்களிடமும் தம் சொந்த மாவட்டமான பாங்குராவின் நாட்டார் கலையிடமும் திரும்பினார். ஊர் மண்ணிலும் கல்லிலும் கிடைத்த வண்ணங்களையே பயன்படுத்தினார். பட்டறை போல உதவியாளர்களை வைத்து ஒரே படத்தைப் பலமுறை செய்து மலிவாக விற்றதையும் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

கேள்வி (தருமபுரி, முன்னாள் பேனர் ஓவியர்): எங்களையெல்லாம் ஓவியர் என்று யார் மதித்தார்கள்?

எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை எழுதியவர். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கும் எட்டும் தடித்த கோடும், தயங்காத கைவீச்சும் அவருக்கு அந்தச் சாரத்தில் நின்று பழகியதால் வந்தவை. ஃப்ளெக்ஸ் வந்து உங்கள் தொழிலை அழித்தது. அந்தக் கையை அழித்திருக்காது.

கேள்வி (பர்கூர், ஆசிரியர்): நம் பகுதியில் நவீன ஓவியம் பயில்பவர் கண்ணுக்குத் தீனியாக என்ன இருக்கிறது?

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மல்லபாடி இருக்கிறது. பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய குதிரை வீரர்கள், முகமும் ஆடையும் இல்லாமல், ஒன்றிரண்டு இழுப்புகளிலேயே ஓடுகிறார்கள். தொல்பழங்கால ஓவியம் நவீன ஓவியனுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஸ்பெயின் நாட்டு நவீன ஓவியர் மிரோவைச் சொல்லலாம்: பாரிசின் யுனெஸ்கோ கட்டடத்துக்குப் பீங்கான் ஓடு பதித்த சுவர் செய்ய ஒப்புக்கொண்டபின், 1957இல் நண்பர் ஆர்ட்டிகாசுடன் ஸ்பெயினின் அல்தமிரா குகை ஓவியங்களைப் பார்க்கப் போனார் அவர்.

அடுத்ததாக, தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் உள்ள நடுகற்கள். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனின் கல்லில் வில்லோ வாளோ ஏந்திய உருவம் புடைத்து நிற்கும். உடலில் அம்புகள் தைத்திருக்கும். காலடியில் மாடுகள் மிகச் சிறியனவாக இருக்கும். எது முக்கியமோ அது பெரிது, தூரமும் கிட்டமும் கணக்கில்லை. அதே கல்லில், உருவத்தைச் சுற்றி வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்து ஓடும். பணிக்கர் இவற்றைப் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் உருவமும் ஒரே பரப்பில் இருப்பதில் நம் கண்ணுக்கு நெடுநாள் பழக்கம் உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

மாணவர்களை அழைத்துப் போனால் கைப்பேசிக்கு முன் பென்சிலை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு குதிரைக்கு ஐந்து கோட்டுக்கு மேல் அனுமதிக்காதீர்கள். படம் தெளிவாக விழ வேண்டும் என்று பாறை ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. யாராவது பாட்டிலைத் திறந்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.