தலைவர்கள் கையெழுத்திட்ட தன்வரலாற்று நூல்களின் முதல் பதிப்பு: வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: அரசியல் தலைவர்களின் தன்வரலாறுகளை, முதல் பதிப்பாக, அவர்களே கையெழுத்திட்ட பிரதியாகச் சேர்க்க ஆசை. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது, எங்கே ஏமாற்றுவார்கள்?

முதல் பதிப்பா என்பது ஒரு கேள்வி, கையெழுத்து உண்மையா என்பது வேறு கேள்வி. விற்பவர் இரண்டையும் ஒரே வரியில் கோத்து எழுதுவார். நீங்கள் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். புத்தகம் வந்த வாரத்திலேயே வாங்குபவரும், தலைவரிடம் கையெழுத்து வாங்க வரிசையில் நிற்பவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். அப்துல் கலாமின் ‘விங்ஸ் ஆஃப் ஃபயர்’ நல்ல எடுத்துக்காட்டு. (அவரை அரசியல்வாதி என்பது பொருந்தாது; குடியரசுத் தலைவர் என்பதால் சேகரிப்பாளர்கள் இந்த வரிசையில் வைக்கிறார்கள்.) யுனிவர்சிட்டீஸ் பிரஸ் அதை 1999-இல் வெளியிட்டது. கூட்டம் கூட்டமாக மாணவர்கள் அவரிடம் புத்தகத்தை நீட்டியது 2002-க்குப் பிறகு. அதற்குள் எத்தனையோ முறை மறு அச்சு ஆகிவிட்டது. ஆகவே கலாம் கையெழுத்திட்ட பிரதி கிடைப்பது கஷ்டமில்லை, 1999 முதல் அச்சில் அவர் கையெழுத்து கிடைப்பதுதான் கஷ்டம். விலையில் இந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

கையெழுத்தின் சுழிவு நெளிவுகளை ஆராயும் முன் தேதிகளைப் பாருங்கள். போலிகளில் பெரும்பகுதி அங்கேயே விழுந்துவிடும். அதற்கு நிபுணரும் தேவையில்லை. மௌலானா ஆசாத் 1958 பிப்ரவரி 22-இல் காலமானார். அவருடைய ‘இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்’ ஓரியண்ட் லாங்மன்ஸ் வெளியீடாக வந்தது 1959-இல். அவர் கையெழுத்திட்ட பிரதி என்று யாராவது காட்டினால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். (அவர் விருப்பப்படி நிறுத்திவைத்திருந்த சுமார் 30 பக்கங்களைச் சேர்த்து முழு வடிவம் வந்தது 1988-இல். 1959, 1988 இரண்டும் வைத்திருந்தால்தான் அந்த நூல் உங்கள் அலமாரியில் முழுமை.)

அமெரிக்க அதிபர் கிராண்ட் விஷயமும் இப்படித்தான். அவர் இறந்தது 1885 ஜூலை 23. நினைவுக் குறிப்புகளின் முதல் தொகுதி மார்க் ட்வைனின் பதிப்பகத்தில் வெளிவந்தது அதே ஆண்டு டிசம்பரில். முதல் தொகுதியின் முன்பக்கத்தில், படைவீரருக்கும் மாலுமிக்கும் இதைச் சமர்ப்பிக்கிறேன் என்று அவர் கையால் எழுதி ஒப்பமிட்டது போல ஒரு பக்கம் இருக்கும். அது அச்சு. எல்லாப் பிரதியிலும் உண்டு. ‘கையெழுத்திட்டது’ என்று அதை ஏலத்தில் ஏற்றுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள், பாதிப் பேர் தெரியாமலே ஏற்றுகிறார்கள்.

நேருவின் தன்வரலாறு இன்னும் நுட்பமானது. லண்டன் பாட்லி ஹெட் வெளியீடு, 1936 ஏப்ரல். கமலா நேரு அதே ஆண்டு பிப்ரவரி 28-இல் லோசானில் இறந்தார். நேரு மார்ச்சிலேயே இந்தியா திரும்பி, ஏப்ரலில் லக்னோ காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். ‘லண்டன், ஏப்ரல் 1936’ என்று அவர் கையால் எழுதிய பிரதி இருக்க வழியில்லை. மறுபடி அவர் லண்டன் போனது 1938 கோடையில். ஆண்டும் ஊரும் எழுதிய கையெழுத்து கிடைத்தால், அந்த நாளில் அந்தத் தலைவர் எங்கே இருந்தார் என்று தேடுங்கள். நேரு, காந்தி போன்றவர்களுக்கு நாள்வாரியான விவரம் தொகுப்பு நூல்களில் கிடைக்கிறது. ஊர், தேதி இல்லாத வெறும் கையெழுத்துதான் போலி செய்பவருக்கு வசதி.

பேனாவுக்கும் வயது உண்டு. பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945 இறுதியில். ஃபெல்ட் முனை மார்க்கர் பரவலானது 1960-களில். 1930-களின் தேதியோடு பால்பாயிண்டில் காந்தி கையெழுத்து என்றால் சிரித்துவிட்டு நகரலாம். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். பால்பாயிண்ட் கோடு காகிதத்தில் பள்ளம் போட்டிருக்கும், வளைவு முடிகிற இடத்தில் சிறு மைக்கட்டி நிற்கும். மை பேனாவின் கோடு காகித நாரோடு ஓரத்தில் கசிந்திருக்கும், அழுத்தும் இடத்தில் அகன்று மேலே போகையில் மெலியும். அச்சிட்ட ஒப்பத்தில் மையின் அடர்த்தி ஒரே சீராக இருக்கும், அல்லது புள்ளி புள்ளியாகத் தெரியும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எது மேலே, எது கீழே என்று சொல்ல முடியாது. ரப்பர் ஸ்டாம்பில் மை ஓரங்களுக்கு ஒதுங்கியிருக்கும்.

அடுத்தது புற ஊதா விளக்கு. ரூபாய் நோட்டு சோதிக்கிற டார்ச் போதும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனத்தை ஆலைகள் பரவலாகச் சேர்க்கத் தொடங்கியது 1950 வாக்கில். அந்தக் காகிதம் இருட்டில் நீலமாகப் பளிச்சிடும். 1936 புத்தகத்தில் மற்ற தாள்கள் மங்கலாக இருக்க, கையெழுத்துள்ள தாள் மட்டும் பளிச்சிட்டால், அது பின்னால் செருகியது. மங்கலாக இருப்பதால் மட்டும் உண்மை என்றாகாது. பழைய புத்தகங்களின் வெற்றுத்தாளை வெட்டியெடுத்துப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு.

ஆட்டோபென் என்பது தலைவரின் ஒப்பத்தை நிஜப் பேனாவால் போடும் இயந்திரம். அமெரிக்க அதிபர்களில் கென்னடி காலத்திலிருந்தே இதன் பயன்பாடு அதிகம். செயலாளர்களே தலைவர் பெயரைப் போட்டுக் கொடுத்ததும் உண்டு. கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் பேனா ஊன்றி நின்ற புள்ளி, எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம், வளைவுகளில் லேசான நடுக்கம் ஆகியவை அடையாளம். உறுதியான சோதனை வேறு: அதே தலைவரின் வேறு பிரதிகளின் படங்களை ஏலத் தளங்களிலிருந்து எடுத்து, ஒரே அளவாக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரு மனிதர் போட்ட இரண்டு கையெழுத்து அச்சுப்பிசகாமல் பொருந்தாது. பொருந்தினால் இயந்திரம். ஒப்பிடும்போது காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஜிம்மி கார்ட்டர் தொடக்கத்தில் முழுப் பெயர் எழுதியவர், பிற்காலப் புத்தக விழாக்களில் ஆயிரக்கணக்கில் போட்டது ‘ஜெ கார்ட்டர்’ என்ற சுருக்கம். காந்தி ஆங்கிலம், குஜராத்தி, இந்தியில் மட்டுமல்ல, தமிழிலும் ‘மோ.க.காந்தி’ என்று போட்டிருக்கிறார். அரிஜன நிதிக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் அவர். ஆகவே தனித்தாள் கையெழுத்துகள் நிறைய. அந்தத் தாளைப் புத்தகத்தில் ஒட்டிவிட்டு ‘கையெழுத்திட்ட பிரதி’ என்று விற்பது வேறு சமாச்சாரம், விலையும் வேறாக இருக்க வேண்டும்.

சர்ச்சில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நன்றி சொல்லத் தன் கையெழுத்தை அப்படியே கல்லச்சில் அடித்த அட்டைகளை அனுப்பியவர். அசலென்றே தோன்றும். அவர் நூல்களின் முன்னட்டைக்குள் அது ஒட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

இனி முதல் பதிப்பு. சேகரிப்பவர்கள் அதைச் சொன்னால் முதல் பதிப்பின் முதல் அச்சு என்று பொருள். காப்புரிமைப் பக்கத்தில் ‘10 9 8 7 6 5 4 3 2 1’ போன்ற எண் வரிசை இருந்தால் அதில் மிகச் சிறிய எண் எதுவோ அது எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும்: 1 இருந்தால் முதல், 1 நீங்கி 2 நின்றால் இரண்டாவது. இதில் ரேண்டம் ஹவுஸ் ஒரு விதிவிலக்கு. அவர்கள் பல ஆண்டுகளாக வரிசையை 2-இல் முடித்து, பக்கத்தில் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்று போட்டார்கள். இரண்டாம் அச்சில் அந்தச் சொற்களை மட்டும் எடுத்துவிடுவார்கள். ஒபாமாவின் ‘ட்ரீம்ஸ் ஃப்ரம் மை ஃபாதர்’ 1995-இல் அவர்களுடைய டைம்ஸ் புக்ஸ் பெயரில் வந்தது. அதில் 2-ஐப் பார்த்து இரண்டாம் அச்சு என்று கைவிட்டவர்களும் உண்டு, அந்தச் சொற்கள் இல்லாத பிரதியை முதல் அச்சு என்று வாங்கியவர்களும் உண்டு. 2004-இல் அவர் புகழ்பெற்ற பிறகு வந்த மறுவெளியீடுகள் இந்தக் கணக்கில் சேரா.

எண் வரிசை இல்லாத பழைய பிரிட்டிஷ், இந்திய நூல்களில் ‘முதலில் வெளியிட்டது 1936’ என்ற வரிக்குக் கீழே மறு அச்சு மாதங்கள் எதுவும் இருக்கக்கூடாது. நேருவின் நூல் 1936-லேயே பலமுறை மறு அச்சானது. தலைப்புப் பக்கத்தில் 1936 என்று இருப்பது மட்டும் போதாது. 1941-இல் நியூயார்க்கில் ஜான் டே நிறுவனம் ‘டுவேர்ட் ஃப்ரீடம்’ என்று வெளியிட்டது அதே நூலின் அமெரிக்க வடிவம், தனி நூல் அல்ல. காந்தியின் ‘சத்திய சோதனை’ ஆங்கிலத்தில் நவஜீவன் வெளியிட்ட இரண்டு தொகுதிகள், 1927, 1929. ஒரு தொகுதி மட்டும் ‘முழுமை’ என்று வந்தால் கவனம். சர்ச்சிலின் இரண்டாம் உலகப்போர் நூலின் முதல் தொகுதி அமெரிக்காவில் 1948 ஜூனில் ஹவ்டன் மிஃப்லின் வெளியிட்டது, லண்டனில் காசெல் அக்டோபரில். தேதிப்படி அமெரிக்கப் பதிப்பே முதல்; ஆனாலும் ஆசிரியரின் சொந்த நாட்டுப் பதிப்பையே நாடுகிறவர்கள் அதிகம். இரண்டும் நியாயம்தான். எதைப் பின்பற்றுவது என்று முடிவுசெய்துகொண்டு வாங்குங்கள், விற்பவர் சொல்லும் நியாயத்துக்கு மாறிக்கொண்டே இருக்காதீர்கள்.

அமெரிக்க நூல்களில் புக் கிளப் பதிப்பு (வாசகர் சங்க உறுப்பினர்களுக்கென்று மலிவாகத் தனியே அச்சிட்டது) பெரிய கண்ணி. மேலுறையின் உள்மடிப்பில் விலை இருக்காது, காகிதம் மெலிதாக, எடை குறைவாக இருக்கும், பின்னட்டையின் கீழ்மூலையில் சிறு பள்ளமாக ஒரு புள்ளியோ சதுரமோ அழுத்தியிருக்கும். உள்மடிப்பின் மூலை வெட்டியிருந்தால், விலையை மறைத்தார்களா, விலையே இல்லாததை மறைத்தார்களா என்ற சந்தேகம் நியாயமானது. மேலுறையே வேறு அச்சிலிருந்து மாற்றிப் போட்டதாகவும் இருக்கலாம். பின்பக்க விமர்சன வரிகள் புத்தகம் வெளிவந்த பிறகு எழுதியவையாக இருந்தால் அது பிற்கால உறை.

முதல் அச்சு என்பதாலேயே அரிது ஆகிவிடாது. கிளிண்டனின் ‘மை லைஃப்’ 2004-இல் முதல் அச்சே 15 லட்சம் பிரதிகள். கையெழுத்து இல்லாவிட்டால் எடைக்குப் போடும் விலைதான். தாட்சர், கார்ட்டர் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்க் கையெழுத்துப் போட்டவர்கள். தொடக்கக்காரர் அங்கிருந்து ஆரம்பிப்பது என் கணிப்பில் சரியான வழி. போலி செய்ய லாபம் குறைவு, ஒப்பிட உண்மைப் பிரதிகள் ஏராளம். பதிப்பாளரே எண்ணிட்டு வெளியிட்ட கையெழுத்துப் பதிப்புகளும் பாதுகாப்பானவை: கூலிட்ஜின் தன்வரலாறு (1929) 1,000 பிரதிகள், ஐசனோவரின் ‘குருசேட் இன் யூரோப்’ (1948) 1,426 பிரதிகள். ஐசனோவர் நூலில் அவர் ஒப்பம் நார்மண்டி தரையிறங்கலுக்கு விடுத்த அறிக்கையின் நகலடியில் இருக்கும். அந்தத் தாள் கிழிந்து தனியாகப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கையெழுத்து எங்கே இருக்கிறது என்பதும் விலையைத் தீர்மானிக்கும். தலைப்புப் பக்கத்தில் நேரடியாகப் போட்டது முதல் தரம். பதிப்பகம் தனித்தாளில் கையெழுத்து வாங்கி நூலோடு சேர்த்த பிரதி அடுத்தது. புத்தகத்தை மேலிருந்து பார்த்தால் அந்தத் தாள் தையலில் சேராமல், உள்விளிம்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பசையில் நிற்பது தெரியும். உள்ளட்டையில் ஒட்டுகிற சிறு ஒட்டுத்தாளில் (புக்பிளேட்) போட்டது அதற்கும் கீழே. பெயர் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தது யாருக்கு என்பதைப் பொறுத்தது: அறியாத பெயர் என்றால் சிலர் விலை குறைப்பார்கள், சக அமைச்சருக்கோ சிறைத் தோழருக்கோ என்றால் பலமடங்கு ஏறும். எனக்குக் கேட்டால், அறியாத பெயரோடு, ஊரும் தேதியும் உள்ள பிரதியே வெறும் கையெழுத்தைவிட நம்பகமானது. சரிபார்க்க ஏதாவது இருக்கிறது.

விற்பவரே அச்சடித்துத் தரும் ‘உண்மைச் சான்றிதழ்’ ஒரு காகிதம், அவ்வளவுதான். பழம்நூல் வணிகர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐலாப் உறுப்பினரிடம் வாங்கினால், நூலைப் பற்றிச் சொன்னது தவறென்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு அவருக்கு உண்டு. பில்லில் ‘ஆசிரியர் கையெழுத்திட்டது, முதல் பதிப்பு, முதல் அச்சு’ என்று எழுதி வாங்குங்கள். சென்னையில் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளிலும் சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளிலும் கையெழுத்தைக் கவனிக்காமல் விற்பதும் நடக்கும்; அங்கே நூலக முத்திரை, நூலக அட்டை வைக்கும் பையைக் கிழித்த தடம் ஆகியவற்றைப் பாருங்கள். நூலகப் பிரதி என்றால் நீக்கம் செய்த முத்திரை இருக்க வேண்டும், இல்லையென்றால் திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

உயிரோடிருக்கும் தலைவரிடம் நேரில் வாங்குவதானால் தலைப்புப் பக்கத்தைத் திறந்தே நீட்டுங்கள்; வழவழப்பான உள்ளட்டைத் தாளில் ஜெல் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும், மார்க்கர் பின்பக்கம் ஊறும். நீரில் கரையாத நிறமி மைப் பேனா, 0.5 மில்லிமீட்டர், நன்று. ஒற்றுத்தாள் ஒன்று வைத்து மூடுங்கள். தேதி போடச் சொல்லிக் கேளுங்கள், போட்டோ எடுங்கள். தபாலில் அனுப்பி வாங்கினால் செயலாளர் கையோ இயந்திரமோ என்ற கேள்வி கடைசிவரை நிற்கும்.

விழாச் செய்தி வந்த நாளிதழ்த் துண்டைப் புத்தகத்துக்குள்ளேயே மடித்து வைக்கிற பழக்கம் நம்மிடம் அதிகம். அந்தக் காகிதத்தின் அமிலம் சில ஆண்டுகளில் தலைப்புப் பக்கத்தில் பழுப்பு நிறச் சதுரமாக இறங்கிவிடும். பில், போட்டோ, துண்டு எல்லாம் தனி உறையில் இருக்கட்டும். மேலுறைக்கு பாலியஸ்டர் உறை போடுங்கள். பிவிசி வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு நல்லது, 65-ஐத் தாண்டினால் பூஞ்சை. கடலோர ஊர்களில் மூடிய கண்ணாடி அலமாரிக்குள் ஒரு ஈரமானியும் சிலிகா ஜெல்லும் வைத்து, ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்ப வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு வசம்பு வைப்பதானால் துணிமுடிச்சாக அலமாரி மூலையில், பக்கங்களுக்கு நடுவே அல்ல.

வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் 1972-ஆம் ஆண்டு தொன்மைப் பொருட்கள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரலாற்று மதிப்புள்ள, 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் அதில் அடங்கும்; அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. காந்தி, நேரு கைப்பட நாலு வரி எழுதிய பழைய பிரதியை, தொன்மைப் பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் வாங்காமல் கூரியரில் போடாதீர்கள்.